கார் ஓட்டும் வகுப்பை 18 வயது வரை தள்ளிப்போடலாமா?

சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். மனைவியும் ஒரே மகளும் அவரைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. வருகிற மே மாதம் 15 வயது முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்தபோது உடற்கல்வி, ஒரு செமஸ்டர் ஹெல்த், டிரைவர் எஜுகேஷன் (சுருக்கமாக டிரைவர் எட்) மூன்றும் அதில் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தன. அவர் ஆசைப்பட்ட, கல்லூரித் தரத்திலான ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடமில்லை. “இவள் படிப்புக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். ஓடவும் கார் ஓட்டவுமா பள்ளிக்கூடம்?” என்று கேட்கிறார்.

அவரே மூன்று வழிகளை யோசித்து வைத்திருக்கிறார். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் ஆஸ்துமா என்று கடிதம் வாங்கி உடற்கல்வியிலிருந்து விலக்குப் பெறுவது முதல் வழி. பாலியல் கல்வி வருவதால் ஹெல்த் வகுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது இரண்டாவது: “அதையெல்லாம் வீட்டில் நாங்களே பார்த்துக்கொள்வோம்.” மூன்றாவது, டிரைவர் எட் வகுப்பை விட்டுவிடுவது. 18 வயதானால் எந்த வகுப்பும் இல்லாமல் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று நண்பர் சொன்னாராம். அதுவரை இன்ஷூரன்ஸ் பணமும் மிச்சம். சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் தனிநபர் எண்) இல்லாத மகளுக்கு இப்போது லைசென்ஸ் கிடைக்காது என்பதும் அவர் எண்ணம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், “பத்து நாள் டிரைவிங் ஸ்கூல் போனால் போதும், நாங்களெல்லாம் ஓட்டவில்லையா?” என்கிறாராம்.

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: “படிவத்தில் மூன்றையும் அடித்துவிட்டேன். அதிலிருந்து மகள் என்னிடம் பேசுவதில்லை. மனைவி இரண்டு பக்கமும் பேசுகிறாள். நான் செய்வது சரிதானே மேடம்?”

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சார்,

நான் இல்லினாயில் உயர்நிலைப் பள்ளி ஆலோசகராக இருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரி வந்தாலே இந்தப் படிவத்தோடு பெற்றோர்கள் என் அறைக்கு வருவார்கள். அதில் நம் ஊர்க்காரர்களின் கேள்வி பெரும்பாலும் உங்கள் கேள்விதான். நாம் படித்த பள்ளியில் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், நாமும் பேசாமல் நோட்டைத் திறப்போம். பரீட்சை நெருங்கினால் பி.டி. மாஸ்டரே வகுப்புக்கு வெளியில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அப்படி வளர்ந்த நமக்கு இந்த மூன்றும் வெட்டிப் பாடங்களாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் உங்கள் மூன்று திட்டங்களில் ஒன்று நடக்காது, ஒன்று பாதிதான் நடக்கும், மூன்றாவது நடக்கும். அந்த மூன்றாவதுதான் எனக்குக் கவலை.

உடற்கல்வி: டாக்டர் கடிதம் உதவாது

உடற்கல்வி பள்ளியின் விருப்பம் அல்ல, இல்லினாய் மாநிலச் சட்டம். நீண்ட காலம் தினமும் உடற்கல்வி இருந்தாக வேண்டும் என்றே இந்த மாநிலத்தில் விதி இருந்தது. 2017இல் அதைத் தளர்த்தி, ஐந்து நாள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் என்று ஆக்கினார்கள். விலக்குக்குச் சில காரணங்களைச் சட்டமே சொல்கிறது. பள்ளி அணியில் விளையாடுவது, அணிவகுப்பு இசைக்குழுவில் இருப்பது, மதக் கட்டுப்பாடு போன்றவை அவை. கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவையான பாடத்துக்கு இடம் வேண்டும் என்ற காரணமும் உண்டு. ஆனால் அது 11, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும். அங்கேயும் ‘தேவையான பாடம்’ என்றுதான் இருக்கிறது. ‘இருந்தால் நன்றாக இருக்கும் பாடம்’ என்று இல்லை. பத்தாம் வகுப்பில் ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸைக் காட்டி விலக்குக் கேட்டால் எந்தப் பள்ளியும் தராது.

டாக்டர் கடிதத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். பொய்க் கடிதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆஸ்துமா என்று கொடுத்தவுடன் பள்ளி நர்ஸ் கூப்பிடுவார். இன்ஹேலர் எங்கே, மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும், அதற்கான திட்டத்தில் டாக்டர் கையெழுத்து எங்கே என்று கேட்பார். இத்தனையும் கொடுத்த பிறகும் பீரியட் காலியாகாது. உடல்நிலைக்கு ஏற்ப மாற்றிய உடற்கல்வி வகுப்பில் அவளை உட்கார வைப்பார்கள். நாளைக்கு அவளே டென்னிஸ் அணியில் சேர ஆசைப்பட்டால் அந்தக் கடிதம் குறுக்கே வந்து நிற்கும்.

மகள் ஓட்டத்தில் பின்தங்குகிறாள், அதனால் கிரேடு குறைந்து ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் கிரேடு சராசரி) இறங்கிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பீப் சத்தத்துக்கு ஏற்ப 20 மீட்டர் தூரத்தை முன்னும் பின்னும் ஓடும் அந்தப் பேஸர் டெஸ்டைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு வெறுப்பு உண்டு. ஆனால் மாநில அளவிலான அந்த உடற்தகுதித் தேர்வின் முடிவை வைத்து கிரேடு போடக் கூடாது. பெரும்பாலான இடங்களில் வகுப்புக்கு வருவது, உடை மாற்றுவது, முயற்சி எடுப்பது, இவற்றுக்குத்தான் மார்க். நேப்பர்வில்லில் ஃபில் லாலர் என்ற உடற்கல்வி ஆசிரியர், யார் வேகமாக ஓடினார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இதயத் துடிப்பு மானிட்டரைக் கட்டி யார் எவ்வளவு முயன்றார்கள் என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். நாடு முழுக்கப் பேசப்பட்ட மாற்றம் அது. உங்கள் பக்கத்து ஊரில்தான் நடந்தது. உடற்கல்வி கிரேடு ஜிபிஏவில் சேருமா என்பது, பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். உங்கள் பள்ளியின் பாடத்திட்டக் கையேட்டில் ஒரே வரியில் இருக்கும், பார்த்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் முக்கியப் பாடங்களை மட்டும் எடுத்து ஜிபிஏவைத் தாங்களே மறுபடி கணக்குப் போடுகின்றன.

ஏபி பாடத்துக்கு இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதற்கு நேரான வழிகள் இருக்கின்றன. பல மாவட்டங்களில் ஹெல்த் பாடத்தைக் கோடை விடுமுறையில் படித்து முடிக்கலாம். சில பள்ளிகளில் முதல் மணிக்கு முன்பாகவே ஒரு காலை வகுப்பு உண்டு. கோடையில் ஹெல்த் முடிந்தால் ஒரு செமஸ்டர் அப்படியே காலியாகிறது. ஆனால் பதிவு சீக்கிரமே நிறைந்துவிடும்.

ஹெல்த்: எதற்கு மறுக்கலாம், எதற்கு முடியாது

ஒரு செமஸ்டர் ஹெல்த் கட்டாயம். பாலியல் கல்விப் பகுதிக்கு மட்டும் பெற்றோர் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். அது உங்கள் உரிமை. அதற்காகப் பள்ளி அவளைத் தண்டிக்க முடியாது. அந்த நாட்களில் வேறு வேலை கொடுப்பார்கள். மறுப்பதற்கு முன்னால் பாடப் பொருட்களைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம், காட்டுவார்கள். வாட்ஸப்பில் சுற்றும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவெடுக்காமல், ஆசிரியரிடம் பாட அட்டவணையை வாங்கிப் பாருங்கள். மறுப்புக் கடிதத்தோடு வந்த பெற்றோர்களில் பலர் அதைப் பார்த்த பிறகு கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சிலர் கொடுத்துவிட்டும் போனார்கள். அது அவர்கள் முடிவு.

“வீட்டில் நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்ற வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். இதுவரை எதைப் பேசியிருக்கிறீர்கள்? குறை சொல்லக் கேட்கவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மா மாதவிடாய் வந்த அன்று ஏதோ சொல்லியிருப்பார், அப்பா அந்த வாரம் முழுக்க ஹாலிலேயே இருந்திருப்பார், அவ்வளவுதான். மறுப்பது என்று முடிவு செய்தால், யார், எப்போது, என்ன பேசப்போகிறோம் என்பதையும் உங்கள் மனைவியோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். இரண்டும் இல்லாமல் போனால் அவளுக்கு மிச்சம் இருப்பது போன்தான்.

மீதி ஹெல்த் பாடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? மனநலம், தூக்கம், உணவு, போதைப்பொருள். சாதாரண மாத்திரை போலவே தோற்றமளிக்கும் போலி மாத்திரைகளில் வரும், உயிரைப் பறிக்கும் ஃபென்டனில் என்ற போதைப்பொருளைப் பற்றி உயர்நிலை வகுப்புகளில் சொல்லித்தர வேண்டும் என்பது இப்போது இல்லினாயில் சட்டம். இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும் சிபிஆரும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியைப் பயன்படுத்துவதும் உயர்நிலைப் பள்ளியில் கற்றுத்தரப்படுகின்றன. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்களுக்கு, வீட்டில் சிபிஆர் தெரிந்த ஒரு பெண் இருப்பது கெடுதல் இல்லை.

டிரைவர் எட்: இங்கேதான் நான் உங்களோடு உடன்படவில்லை

முதலில் உங்கள் பக்கம் சரியாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மாநிலச் சட்டப்படி பள்ளி இந்த வகுப்பை வழங்க வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளையும் அதை முடித்தால்தான் பட்டம் என்று மாநிலம் சொல்லவில்லை. சில மாவட்டங்கள் வகுப்பறைப் பகுதியைக் கட்டாயமாக்கி வைத்திருக்கின்றன. உங்கள் மாவட்டம் அப்படி இல்லையென்றால் நீங்கள் அடித்தது செல்லும். ஆனால் பல பள்ளிகளில் டிரைவர் எட் உடற்கல்வி பீரியடுக்குள்ளேயே சில வாரங்கள் வந்து போகும். அப்படியானால் அதை நீக்கி ஒரு பீரியடும் உங்களுக்கு மிச்சமாகாது. அந்த வாரங்களில் அவள் மறுபடி ஜிம்மில் நிற்பாள், அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் சொன்னது முழுவதும் சரியல்ல. 18, 19, 20 வயதில் முதல்முறையாக லைசென்ஸ் எடுப்பவர், பள்ளிப் பருவத்தில் டிரைவர் எட் முடித்திராவிட்டால், பெரியவர்களுக்கான 6 மணி நேர வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும். 2014 ஜூலையிலிருந்து இது விதி. அந்த வகுப்பை வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். ஸ்டியரிங்கைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு, கையில் லைசென்ஸ். உங்களுக்குச் சௌகரியமாகத் தெரிவது இதுதான். எனக்குப் பயமாக இருப்பதும் இதுதான்.

இப்போது, 15 வயதில் தொடங்குகிறவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 30 மணி நேரம் வகுப்பறை, 6 மணி நேரம் பயிற்சியாளரோடு சாலையில். பழகுவதற்கான பெர்மிட் எடுத்துக் குறைந்தது 9 மாதம் கழிய வேண்டும். அதற்குள் பெற்றோரோடு 50 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். 16 வயதில் லைசென்ஸ் வந்த பிறகும் கட்டுப்பாடுகள் தொடரும். ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 10 மணிக்கு மேலும், வெள்ளி, சனியில் 11 மணிக்கு மேலும் காலை 6 வரை ஓட்டக் கூடாது. வேலை, பள்ளி நிகழ்ச்சி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முதல் 12 மாதம், அல்லது 18 வயது ஆகும் வரை, 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஒருவரைத்தான் ஏற்றலாம்; உடன்பிறந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். 19 வயது வரை போனைத் தொடவே கூடாது, ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் கூடாது. பெர்மிட் காலம் முன்பு 3 மாதமாக இருந்தது. 2008இல் அதை 9 மாதமாக்கி, மற்ற விதிகளையும் இறுக்கினார்கள்.

உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிப் பெர்மிட் எடுத்தால், 9 மாதம் முடியும்போது மே. அவளுக்கும் 16 ஆகியிருக்கும். இடையில் ஒரு முழுக் குளிர்காலம், பனி, சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறையும் ஐஸ், எல்லாம் உங்களோடு உட்கார்ந்து ஓட்டியாகிவிடும். அதன்பின் இரண்டு ஆண்டுகள் உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் காரில், உங்கள் கண்பார்வையில், இந்தக் கட்டுப்பாடுகளோடு ஓட்டுவாள். நீங்கள் நினைப்பதுபோல் 18 வரை காத்திருந்தால்? 18 ஆவது பன்னிரண்டாம் வகுப்பின் மே மாதம். ஆகஸ்டில் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவாள். நடுவில் ஒரு கோடை. பனியில் ஒரு நாள்கூட ஓட்டாதவள், இரவு நேரத் தடை கிடையாது, எத்தனை பேரையும் ஏற்றலாம் என்ற சுதந்திரத்தோடு, தெரியாத ஊரில் யாருடைய காரையோ எடுப்பாள். வயது கூடியதால் அனுபவம் வந்துவிடாதே. முதல் முறை தனியாக ஓட்டும் அந்தச் சில மாதங்கள்தான் எந்த வயதிலும் ஆபத்து. ஓட்டிய மைல் கணக்கில் பார்த்தால், இந்த நாட்டில் 16 முதல் 19 வயதுள்ளவர்கள் உயிர்ச்சேத விபத்தில் சிக்குவது 20 வயதுக்கு மேற்பட்டவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த ஆபத்தை எங்கே, யார் பக்கத்தில் இருக்கும்போது அவள் கடக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. அவள் ஓட்டாமல் இருந்தால் காரில் போகாமல் இருக்கப்போவதில்லை. இங்கே பஸ் எங்கே இருக்கிறது? ரோபாட்டிக்ஸ் முடிந்து, ஃபுட்பால் மேட்ச் முடிந்து, வகுப்புத் தோழியின் காரில் வருவாள். அந்தத் தோழிக்கு லைசென்ஸ் வந்து மூன்று வாரம் ஆகியிருக்கலாம், பின் சீட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கலாம். அது விதிமீறல் என்று டிரைவர் எட் படித்த பெண்ணுக்குத் தெரியும். “அப்பாவைக் கூப்பிட்டுக்கிறேன்” என்று சொல்ல ஒரு காரணமும் கையில் இருக்கும்.

விசா, சோஷியல் செக்யூரிட்டி எண்

எண் இல்லை என்பதற்காக லைசென்ஸ் கிடைக்காது என்பது தவறு. இல்லினாயில் அந்த எண் பெறத் தகுதியில்லாதவர்களுக்கு முன்பு தனி வகை லைசென்ஸ் இருந்தது. 2024 ஜூலை முதல் வழக்கமான லைசென்ஸே தருகிறார்கள். பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவு, முகவரிச் சான்று போன்றவை கேட்பார்கள். என்னென்ன வேண்டும் என்று, இங்கே லைசென்ஸ் தரும் மாநில செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள். ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 18 வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, கவனமாகப் படியுங்கள். லைசென்ஸ் கவுன்ட்டரில் வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்பார்கள். குடிமக்கள் அல்லாதவர்கள் ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். அவசரத்தில் திரையில் ‘ஆம்’ என்று தொட்டுவிட்டு, குடிமகள் என்று கையெழுத்தும் போட்டுவிட்டால், பிற்பாடு கிரீன் கார்டு விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடக்கூடிய விஷயம் அது. அந்த வரிசையில் நிற்கும்போது நீங்களும் அவள் பக்கத்தில் நில்லுங்கள். ஏற்கெனவே ஏதாவது தவறாகிப் போயிருந்தால் என்னைக் கேட்காதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள். மதுவும் அப்படித்தான். 21 வயதுக்குக் கீழே துளி மது இருந்தாலும் லைசென்ஸ் முடக்கப்படும். விசாவில் இருப்பவர் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் விசாவே ரத்தாகலாம். இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாக ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும்.

பணம்

இன்ஷூரன்ஸ் கூடும், மறுக்க முடியாது. ஆனால் 18இல் எடுத்தாலும் அவள் புதிய ஓட்டுநர்தான், அப்போதும் கூடும். நல்ல மார்க் எடுக்கும் மாணவர்களுக்குப் பல கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன. டிரைவர் எட் முடித்ததற்கும் சில தருகின்றன. பெர்மிட் எடுத்த அன்றே உங்கள் ஏஜென்ட்டுக்குச் சொல்லிவிடுங்கள். பிரீமியம் ஏறும் என்று மறைத்துவிட்டு, விபத்துக்குப் பிறகு கம்பெனியோடு மல்லுக்கு நிற்பதைவிடப் பெரிய செலவு எதுவும் இல்லை. இல்லினாயின் குறைந்தபட்சக் காப்பீடு ஒருவருக்கான காயத்துக்கு 25,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 50,000, பொருள் சேதத்துக்கு 20,000. இன்றைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு இது எந்த மூலைக்கு? பிள்ளை ஓட்டத் தொடங்குகிற வீட்டில் இதை உயர்த்தி வைப்பது நல்லது.

வகுப்புக் கட்டணமும் இப்போதுதான் மலிவு. பள்ளிகள் வழக்கமாக 50 டாலர் வரை வசூலிக்கலாம். பொது விசாரணை நடத்தி அதை 250 வரை உயர்த்தலாம். கட்ட முடியாதவர்களுக்கு விலக்கும் உண்டு. வெளியில் தனியார் டிரைவிங் பள்ளியில் இதே பயிற்சிக்குப் பல நூறு டாலர் ஆகும்.

அந்த 50 மணி நேரம்

உங்கள் மாமனாருக்கு என் வணக்கம். நம் ஊர் நெரிசலில் ஓட்டிய கை எங்கேயும் ஓட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே சோதிப்பது கையை அல்ல. நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும் சந்திப்பில் யார் முதலில் போக வேண்டும்? எதிர்ப்பக்கம் பள்ளி பஸ் நின்று சிவப்புக் கையை நீட்டினால் நீங்கள் நிற்க வேண்டுமா? இருவழிச் சாலையில் நிற்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு லேன் இருக்கும் சாலையில் எதிரே வருகிறவர் நிற்க வேண்டியதில்லை. மேசையில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள், வீட்டில் எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று. பெர்மிட் எழுத்துத் தேர்வில் 35 கேள்வி, 28 சரியாக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவருக்கும் விதி உண்டு. 21 வயதாகியிருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸும் ஓராண்டு ஓட்டிய அனுபவமும் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் தாத்தாவிடம் இதை ஒப்படைக்காதீர்கள். நீங்களோ உங்கள் மனைவியோதான் உட்கார வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளியின் பார்க்கிங் காலியாக இருக்கும். முதலில் அங்கேயே பிரேக், திருப்பம், ரிவர்ஸ். அப்புறம் குடியிருப்புத் தெருக்கள். ரூட் 59 போன்ற சாலையின் இடதுபுறத் திருப்பங்கள் மாதக் கணக்கில் தள்ளி வரட்டும். ஐ-88 ஹைவேயில் ஏறுவது கடைசியில். இருட்டில் 10 மணி நேரம் வேண்டும் அல்லவா, டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. இந்தியக் கடைக்கு அவளே ஓட்டிக்கொண்டு போகட்டும். நேரத்தைக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதுங்கள். கடைசி நாளில் 50 மணி நேரத்தையும் கற்பனையாக நிரப்பிக் கையெழுத்துப் போடும் அப்பாக்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

கத்தக் கூடாது, அது ஒன்றுதான் கஷ்டம். “பிரேக், பிரேக்!” என்று அலறினால் பிள்ளை ஆக்சிலரேட்டரை மிதிக்கும். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சந்திப்பு வருவதற்கு முன்பே, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். இரண்டு பேரும் எரிச்சலில் இருக்கும் நாளில் காரை எடுக்காதீர்கள். உங்கள் மனைவி ஹைவேக்குப் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் உள்ளூர் ஓட்டத்தை அவரிடம் விடுங்கள், ஹைவேயை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரில் இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பதால், வீட்டில் பேசாத பிள்ளைகளும் பேசுவதுண்டு. அதை நம்பி ஆகஸ்ட் வரை காத்திருக்காதீர்கள். அவள் பேசாமல் இருப்பது டிரைவர் எட் போய்விட்டதே என்பதற்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் பெயர் போட்ட படிவத்தில் அவளைக் கேட்காமல் மூன்று கோடு விழுந்திருக்கிறது. ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் உங்கள் ஆசையா, அவளுடையதா என்றும் கடிதத்தில் தெரியவில்லை. கேட்டுப் பாருங்கள். அவளுக்கும் வேண்டும் என்றால் கோடை ஹெல்த் வழி இருக்கிறது. வேண்டாம் என்றால், அதைக் கேட்டுக்கொள்ளவும் தயாராகப் போங்கள்.

படிவத்தைத் திருத்த இன்னும் நேரம் இருக்கும், பெரும்பாலான பள்ளிகள் மாற்றத்துக்கு ஒரு கடைசித் தேதி வைத்திருக்கின்றன. பள்ளி ஆலோசகருக்கு நீங்களே மெயில் எழுதி நேரம் கேளுங்கள். போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியவை மூன்று: கோடை ஹெல்த் வகுப்பில் இடம் இருக்கிறதா, உடற்கல்வி ஜிபிஏவில் சேருகிறதா, டிரைவர் எட் முதல் செமஸ்டரிலா இரண்டாவதிலா. மே மாதப் பிறந்தநாள் என்பதால் முதல் செமஸ்டர் கிடைத்தால் வசதி. கிடைக்காவிட்டால் லைசென்ஸ் ஐந்தாறு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் மகளையே பேசவிடுங்கள்.